குழல் குட்டையானால் மருந்து என்ன செய்யும்?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஒரு நீள அளவு எழுதப்பட்டிருக்கிறது: 20 அங்குலம். யாருக்குத் துப்பாக்கி உரிமம் கொடுக்க வேண்டும் என்று பேசும் 13-ஆம் பிரிவில் அது வருகிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கிறவருக்கு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான துப்பாக்கி. பயிர்க்காவலுக்குக் கேட்கிறவருக்கு, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. கடையம், களக்காடு, பாபநாசம் என்று மலையடிவாரத்தை ஒட்டிய நம் ஊர்களில் பழைய உரிமத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். போலீஸ் ஏட்டில் அதன் பெயர் எஸ்.பி.எம்.எல்., அதாவது சிங்கிள் பேரல் மஸ்ஸில் லோடர்; ஊர்ப் பேச்சில் நாட்டுத் துப்பாக்கி. நீளமான குழல், ஒரு வெடிக்கு ஒரு தடவை மருந்து, ஒரு தடவை குண்டு.

குட்டைத் துப்பாக்கியை மடியில் மறைத்துக் கொண்டு போகலாம், நீளமானதை முடியாது; சட்டம் நீளத்தைப் பார்ப்பதன் பொருள் எல்லோருக்கும் புரியும். ஆனால் குழலின் நீளம் செய்கிற இன்னொரு வேலை இருக்கிறது. உள்ளே எரிகிற மருந்தின் சக்தியில் எவ்வளவு குண்டுக்குப் போகிறது, எவ்வளவு வீணாகிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அதைத் தெளிவாகப் பார்க்க, நீளக் குழலுக்கென்று செய்த தோட்டாவைக் குட்டைக் குழலில் போட்டுப் பார்த்தவர்களின் அனுபவத்தைப் படிக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

அங்கே கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுகிறவர்களில் ஒரு சாராரின் கையில் இருப்பது ரிவால்வர் இல்லை. ஒரே ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய, 10 அல்லது 14 அங்குலக் குழல் கொண்ட சிங்கிள் ஷாட் துப்பாக்கி. அதில் போடுவதோ ரைபிள் தோட்டா. அந்தத் தோட்டாவையும் பெரும்பாலும் கடையில் வாங்கி அப்படியே போடுவதில்லை. பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், மருந்து, குண்டு நான்கையும் வீட்டு மேசையில் வைத்துத் தாங்களே சேர்க்கிறார்கள். ஹேண்ட்லோடிங் என்பார்கள். காசு மிச்சமாகிறது என்பது அதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி, குழலின் நீளம்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம்.

பிரைமர் தீப்பொறி விட்டதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயுவுக்கு வெளியேற வழியில்லை, குண்டுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் ஏறி, குண்டு நகரத் தொடங்கி, குழலை விட்டு வெளியேறுவது வரை எல்லாம் முடிய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்கு நேரம். அழுத்தம் உச்சத்துக்குப் போவது குண்டு ஓரிரு அங்குலம் நகர்வதற்குள் நடந்துவிடும். வின்செஸ்டர் நிறுவனம் 1895-ல் கொண்டுவந்த .30-30 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்கள் 1926-ல் அமைத்த சாமி என்ற தர அமைப்பு அதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு, சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. நாம் சுவாசிக்கிற காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 2,800 மடங்கு.

உச்சத்தைத் தொட்ட பிறகு அழுத்தம் சரியத் தொடங்கும். ஆனாலும் குண்டு குழலுக்குள் இருக்கும் வரை தள்ளல் தொடர்கிறது, வேகம் ஏறிக்கொண்டே இருக்கிறது. குழல் முடிகிற இடத்தில் தள்ளல் நின்றுவிடும். அந்த நிமிஷம் வாயுவில் மிச்சமிருக்கிற சக்தி எல்லாம் சத்தமாகவும் தீ நாக்காகவும் வெளியே போய்விடும்.

நம் ஊர்க் கோயில் கொடைகளில் அதிர்வேட்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குட்டையான இரும்புக் குழாய், உள்ளே கெட்டித்த கருமருந்து. தள்ளுவதற்குக் குண்டும் இல்லை, தள்ளிக்கொண்டு போக நீளமும் இல்லை. அதனால் மருந்தின் சக்தி முழுக்க நெஞ்சை அதிரவைக்கும் சத்தமாகிறது. ரைபிள் தோட்டாவைக் குட்டைக் குழலில் போட்டால் மருந்தில் ஒரு பங்கு அதிர்வேட்டாகத்தான் போகும்.

எவ்வளவு போகும்? குழலில் ஓர் அங்குலம் குறைந்தால் குண்டின் வேகம் நொடிக்கு 20 முதல் 50 அடி வரை குறையும் என்பது பொதுவான கணக்கு. குழல் ஏற்கெனவே குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அங்குலத்தின் இழப்பும் கூடும். .30-30 தோட்டாவில் 150 கிரெயின் (பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு) எடையுள்ள குண்டு 24 அங்குலக் குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் போகும். 14 அங்குலத்தில் அது 2,000 அடியை ஒட்டி வந்துவிடும். வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது குண்டின் ஆற்றல். ஆகவே வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே ஆற்றலில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது.

கைத்துப்பாக்கிக்கென்றே பிறந்த தோட்டாக்களில் இந்தச் சிக்கல் இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத் தயாரிப்பான பிரவுனிங் பிஸ்டலால். அந்த வகைத் தோட்டாவில் கூடு சின்னது, மருந்து கொஞ்சம், அதுவும் வேகமாக எரிகிற மருந்து. சில அங்குலக் குழலுக்குள் தன் வேலையை முடித்துவிடும். ரயில் பெட்டிக்குள் இருக்கிற ஆளைச் சுட அது போதும். 150 மீட்டர் தள்ளி நிற்கிற மானுக்குப் போதாது. அந்தத் தூரம் வேண்டும், ஆனால் கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள்தான் ரைபிள் தோட்டாவின் பக்கம் போனார்கள்.

1963-ல் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்.பி-100 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது. ரைபிளில் இருப்பதுபோல் போல்ட். ஆனால் கைப்பிடி வைத்த, ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. முதலில் .222 ரெமிங்டன் என்ற ரைபிள் தோட்டாவையே அதில் போட்டுப் பார்த்தார்கள். பத்தே முக்கால் அங்குலக் குழலில் சத்தமும் நெருப்பும் தாங்க முடியவில்லை, வேகமும் எதிர்பார்த்தபடி வரவில்லை. அப்புறம் அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். குழலை நீட்டவில்லை. தோட்டாவின் கூட்டைக் குட்டையாக்கினார்கள். மருந்து பிடிக்கும் இடம் குறைந்தது, எரியவேண்டியது குறைந்தது, குண்டு நொடிக்கு 2,650 அடி வேகத்தில் போனது. .221 ஃபயர்பால் என்று அதற்குப் பெயர்.

1967-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ராச்செஸ்டர் ஊரிலிருந்து தாம்ப்சன் சென்டர் நிறுவனத்தின் கன்டெண்டர் வந்தது. வாரன் சென்டர் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் வடிவமைப்பு. நடுவில் மடக்கித் திறந்து, தோட்டாவைப் போட்டு, மூட வேண்டும். கீல் ஆணி ஒன்றைக் கழற்றினால் குழல் தனியே வந்துவிடும், வேறு காலிபர் (உள்விட்டம்) குழலை மாட்டிக்கொள்ளலாம். ஒரே பிடி, பல குழல்கள். இதனால் வேட்டைக்காரர்கள் தோட்டாவைத் தாங்களே வடிவமைக்கத் தொடங்கினார்கள். ஸ்டீவ் ஹெரட், பாப் மைலக் என்ற இருவர் .30-30 கூட்டை வெட்டிக் குட்டையாக்கி .30 ஹெரட் செய்தார்கள். ரெமிங்டன் செய்த அதே யோசனைதான்: பத்து அங்குலக் குழலுக்கு எவ்வளவு மருந்து வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் கூட்டில் இடம். வெஸ் உகால்டி என்பவர் .223 கூட்டின் கழுத்தை அகலமாக்கி 7 மில்லிமீட்டர் குண்டு போட வழி செய்தார், 7 எம்.எம். டி.சி.யு. என்ற பெயரில் உகால்டியின் முதலெழுத்தும் இருக்கிறது. இவை பெட்டியில் அடைத்துக் கடையில் கிடைக்கிற சாதாரணத் தோட்டாக்கள் இல்லை. வேண்டுமென்றால் கையால் செய்துகொள்ள வேண்டும்.

1976-ல் கைத்துப்பாக்கி உலோக இலக்குப் போட்டிகளுக்கான சங்கம் அங்கே உருவானதும் இந்தத் துப்பாக்கிகளுக்கு மவுசு கூடியது. இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி 50 மீட்டரில், பன்றி 100-ல், வான்கோழி 150-ல், கடா 200 மீட்டரில். சுட்டால் போதாது, சாய்க்க வேண்டும். கடா சுமார் 25 கிலோ. 200 மீட்டர் போன பிறகும் அதைச் சாய்க்கிற பலம் கைத்துப்பாக்கிக் குண்டில் இருக்க வேண்டும் என்ற தேவைதான் மேலே சொன்ன தோட்டாக்கள் பலவற்றை வளர்த்தது.

சரி, கூட்டைக் குட்டையாக்காமல், வேகமாக எரிகிற மருந்தைப் போட்டால் ஆகாதா? இங்கேதான் பலரும் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருகிறார்கள். குட்டைக் குழலுக்கு வேகமான மருந்து, நீளக் குழலுக்கு மெதுவான மருந்து என்று. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. ஒரு தோட்டாவில் நீளக் குழலில் அதிக வேகம் தருகிற மருந்துதான் பெரும்பாலும் குட்டைக் குழலிலும் அதிக வேகம் தருகிறது. காரணம், உச்ச அழுத்தம் முதல் ஓரிரு அங்குலத்திலேயே வந்துவிடுகிறது. மருந்தின் பெரும் பகுதி அதையடுத்துச் சீக்கிரமே எரிந்து முடிந்துவிடுகிறது. மெதுவான மருந்தைக் கூடுதலாகப் போடலாம், கூடுதல் மருந்து கூடுதல் வாயு.

அப்படியானால் கன்டெண்டர்க்காரர்கள் ஏன் 4227 போன்ற சற்று வேகமான மருந்துகளைத் தேடிப் போகிறார்கள்? குழல்வாயில் மிஞ்சும் அழுத்தத்துக்காக. மெதுவான மருந்தை நிறையப் போட்டால், குண்டு வெளியேறும்போது பின்னால் ஏராளமான வாயு காத்திருக்கும். அது தீப்பிழம்பாகும், காதைக் கிழிக்கும், உதைப்பைக் கூட்டும். துப்பாக்கி தோளில் ஊன்றியில்லை, நீட்டிய இரண்டு கைகளில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நொடிக்கு ஐம்பது, நூறு அடியை விட்டுக்கொடுத்தால் குறைந்த மருந்தில், அடங்கிய சத்தத்தில், ஒவ்வொரு வெடிக்கும் வேகம் மாறாத தோட்டா கிடைக்கிறது. வேட்டையில் அந்த மாறாத தன்மைதான் பெரிது. அதனால்தான் ஹார்னடி, சியாரா போன்ற நிறுவனங்களின் கையேடுகளில் ஒரே தோட்டாவுக்கு ரைபிளுக்கு ஒரு பட்டியலும் கைத்துப்பாக்கிக்கு வேறொரு பட்டியலும் இருக்கும்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த எவருமே ஹேண்ட்லோடர்தான். அவர்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. குழல்வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய்ச் சவுரியோ பழந்துணியோ வைத்து இரும்புக் கம்பியால் கெட்டித்து, மேலே ஈயக்குண்டோ ரவையோ போட்டு, மறுபடி அடைத்து, கடைசியில் தீப்பொறி தரும் கேப்பை மாட்டி, அதை அடிக்கும் குதிரையை ஏற்றுவார்கள். அளவு பெரும்பாலும் கைக்கணக்கு. உரிமத் துப்பாக்கி வைத்திருந்த என் பெரியப்பா சொல்லுவார்: "ஏலே, மருந்தக் கூட்டுனா சத்தந்தாம்லே கூடும். குண்டு கூடப் போவாது."

அது வெறும் அனுபவ வார்த்தை மட்டும் இல்லை, கருமருந்தின் இயல்பே அதுதான். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சேர்த்துச் செய்த கருமருந்து எரியும்போது பாதிக்கு மேல் புகையும் சாம்பலுமாகப் போகிறது. அழுத்தம் கூடினாலும் அது எரியும் வேகம் கொஞ்சம்தான் கூடும். ஓரளவுக்கு மேல் போட்டால் மிச்ச மருந்து எரியாமலோ, வாயைத் தாண்டி எரிந்தோ வீணாகும். கைக்கணக்கில் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் கருமருந்து பொறுத்துக்கொள்கிறது. எல்லை மீறினால் அதுவும் குழலைப் பிளக்கும். ஆனால் எல்லை கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

புகையில்லா மருந்து அப்படி இல்லை. 1884-ல் பிரான்சில் பால் வியே செய்து காட்டிய இந்த மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். 1889-ல் பிரிட்டனில் வந்த கார்டைட் அப்படிப்பட்டதுதான். நம் நீலகிரியில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்கு ஆலை கட்டினார்கள். இந்த மருந்தில் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏறினால் வாயு இன்னும் சீக்கிரம் பெருகும், அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் இந்தச் சுழற்சியைக் கட்டுக்குள் வைக்கத்தான் ஆலையில் அத்தனை பாடு. துகளை நீள உருளையாக்கி நடுவில் துளை போடுகிறார்கள். வெளிப்பரப்பு எரிந்து சுருங்கும்போது உள்துளை எரிந்து விரியும், எரியும் பரப்பு அதிகம் மாறாமல் நிற்கும். மேலே ஒரு பூச்சு கொடுத்துத் தொடக்கத்தில் எரிவதைத் தாமதப்படுத்துகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், அளவில் சின்ன மாற்றம் அழுத்தத்தில் பெரிய மாற்றமாகிவிடும். அதே கூட்டில் அதே எடை மருந்தை வைத்து, குண்டை மட்டும் சற்று ஆழமாக இறக்கினாலே, குறிப்பாகச் சின்னக் கூட்டில், அழுத்தம் கூடிவிடலாம், ஏனென்றால் உள்ளே இடம் குறைந்துவிட்டது.

அதனால் அந்த மேசைகளில் மருந்தை அளப்பது கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் தராசு அந்தக் கிரெயினிலும் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். கையேட்டில் சொன்ன உச்ச அளவில் யாரும் தொடங்குவதில்லை. அதற்குச் சுமார் பத்து சதவீதம் கீழே தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்த்து, குரோனோகிராப்பில் வேகம் குறித்து, சுட்ட கூட்டையும் பிரைமரையும் உற்றுப் பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போகிறார்கள். பெரியப்பா காலத்துக் கைக்கணக்கை இந்த மருந்திடம் காட்டினால் குழல் நார்நாராகக் கிழியும். பழைய நாட்டுத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தைப் போடவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கன்டெண்டரின் உடம்புக்கும் ஒரு வரம்பு உண்டு. கூடு பின்னால் முட்டும் விசை, அழுத்தத்தை மட்டும் பொறுத்ததில்லை, கூட்டின் அடிப்பரப்பையும் பொறுத்தது. .223 தோட்டாவின் வரம்பு 55,000 பவுண்டு; .308-க்கு 62,000. பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் .308 கூட்டின் அடிப்பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே .223-ஐத் தாங்குகிற அந்த மடக்குத் துப்பாக்கி .308-க்கு ஏற்றதில்லை. அந்தப் பெரிய தோட்டாக்களுக்காகவே 1990-களின் பிற்பாதியில் அதே நிறுவனம் என்கோர் என்ற கனமான துப்பாக்கியைக் கொண்டுவந்தது.

மேசை வேலையில் எனக்கு வியப்பூட்டுவது மருந்து ஊற்றும் கட்டமில்லை, கூட்டைத் தயார்செய்யும் கட்டம். சுட்ட கூடு அழுத்தத்தில் விரிந்து, குழலில் தோட்டா உட்காரும் சேம்பரின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு வரும். அதை டை என்ற எஃகு அச்சுக்குள் பிரஸ்ஸால் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு அழுத்துவது? .30-30 கூட்டின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு குழலின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கூட்டைப் பிடிக்கும். விளிம்பு பிடித்துக்கொள்கிறதே என்று, கழுத்துக்குக் கீழே கூடு அகலும் தோள்பகுதியைக் கீழே தள்ளி அழுத்திவிட்டால், சுடும்போது கூடு முன்னால் இருக்கும் காலி இடத்துக்கு நீள வேண்டியிருக்கும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். இப்படியே நாலைந்து தடவை போனால் அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் தெரிந்த கூட்டைக் குப்பையில் போட வேண்டும். அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியும்.

விளிம்பில்லாத .223 வகைக் கூடுகளில் சிக்கல் வேறு மாதிரி. கூட்டைப் பிடித்து நிறுத்துவது தோள் மட்டும்தான். அதை அதிகம் அழுத்திவிட்டால் ஊசி அடிக்கும்போது கூடு முன்னால் நழுவும், பிரைமர் வெடிக்காமலே போகலாம். மடக்குத் துப்பாக்கியின் உடம்பு போல்ட் ரைபிளைப்போல விறைப்பானதில்லை, வெடிக்கும்போது இம்மியளவு வளைந்து கொடுக்கும். அதனால் இந்த அளவு இன்னும் முக்கியமாகிறது. குறைவாக அழுத்தினாலும் ஆகாது. கூடு நீளமாக இருந்தால் துப்பாக்கி முழுக்கப் பூட்டாது, பூட்டாவிட்டால் விசையை இழுத்தாலும் சுடாது. ஆகவே தோள் சேம்பரை மெல்லத் தொடுகிற அளவுக்கு, ஒரு முடியிழை கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், அந்தக் குறிப்பிட்ட குழலுக்கென்றே டையைத் திருகி வைக்கிறார்கள். ஆலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும். இது ஒரே ஒரு குழலுக்குப் பொருந்தினால் போதும். துல்லியத்தில் பாதி இங்கேதான் வருகிறது.

பிரைமரிலும் கவனம் வேண்டும். துப்பாக்கி கைத்துப்பாக்கிதானே என்று பிஸ்டல் பிரைமரைப் போடக் கூடாது. ரைபிள் பிரைமரின் கிண்ணத் தகடு தடிமனானது, ரைபிள் அழுத்தத்துக்கு அதுதான் தாங்கும்.

குண்டில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. .30-30 தோட்டா பிறந்தது லீவர் ரைபிளுக்கு. அதில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் பிரைமரில் முட்டும். கூர்மூக்குக் குண்டாக இருந்தால் உதைப்பில் பிரைமர் வெடித்துவிடலாம் என்பதால் மூக்கைத் தட்டையாகச் செய்தார்கள். தட்டை மூக்கு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். சிங்கிள் ஷாட்டில் குழாயும் இல்லை, அடுத்த தோட்டாவும் இல்லை. தாராளமாகக் கூர்மூக்குக் குண்டைப் போடலாம். 100 மீட்டரைத் தாண்டும்போது, குட்டைக் குழலில் இழந்த வேகத்தில் ஒரு பங்கை இந்தக் கூர்மூக்கு ஈடுகட்டிவிடுகிறது. 1984-ல் வந்த 7-30 வாட்டர்ஸ், .30-30 கூட்டின் கழுத்தை 7 மில்லிமீட்டராகச் சுருக்கியது. லீவர் ரைபிளுக்கென்று வந்தாலும் கன்டெண்டரில் கூர்மூக்கோடு அது நன்றாக ஓடியது இதனால்தான்.

சங்கடம் என்னவென்றால், ரைபிள் குண்டு ரைபிள் வேகத்துக்கென்று செய்தது. உடலுக்குள் போனதும் முனை விரிந்து, அகலமான காயம் உண்டாக்கி, விலங்கைச் சீக்கிரம் வீழ்த்த வேண்டும். வேகம் குறைந்தால் அது விரியாது, ஊசிபோல் உள்ளே போய் வெளியே வந்துவிடும். விலங்கு காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். வேட்டையில் இதைவிடக் கேவலம் கிடையாது. ஹார்னடியும் சியாராவும் சிங்கிள் ஷாட் பிஸ்டல் என்றே பெயரிட்டு, குறைந்த வேகத்திலும் விரிகிற மென்மையான குண்டுகளைச் செய்தது இதற்காகத்தான். எவ்வளவு தூரம் வரை தன் குண்டு விரியும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கு மேல் சுடுவதில்லை என்று விலகி நிற்கிறவரைத்தான் நான் நல்ல வேட்டைக்காரர் என்பேன்.

இனி, இதெல்லாம் நெல்லைச் சீமையில் எங்கே நிற்கிறது என்ற கேள்வி. வீட்டு மேசையில் தோட்டா செய்வது இங்கே நடக்காது, நடக்கவும் கூடாது. இந்த மண்ணில் ஆயுதக் கட்டுப்பாடு புதிதும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் அடங்கிய பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமை மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குப் போதாது. தோட்டா என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கமும் அகலமானது. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும்கூட அதற்குள் அடங்கும். மேலே சொன்ன பிரஸ்ஸும் டையும் உரிமமில்லாமல் சும்மா மேசையில் இருந்தாலே வழக்கு வரலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் தயாரிப்பதற்குத் தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

வேட்டையும் அப்படித்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அதன் அடிவாரத்தில் நிலம் வைத்திருக்கிறவர்களின் பாடு எனக்குத் தெரியும். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் வாழைக்கன்றையும் மரவள்ளியையும் உழுது போட்டுவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கொரு வரையறை சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். சுடுகிறவர் வனத்துறை ஊழியராகத்தான் இருக்க வேண்டும், விவசாயியாக இல்லை. காட்டை ஒட்டி வயல் வைத்திருக்கிறவருக்கு இதில் உடனடி ஆறுதல் குறைவு என்பது உண்மை. ஆனால் அதற்காக அவுட்டுக்காயை (இரைக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பவர்களை என்னால் ஏற்க முடியாது. பன்றிக்கு வைத்ததை யானை கடித்துத் தாடை சிதறிப் பட்டினியாகச் செத்திருக்கிறது.

இப்போதும் உரிமத்தோடு எஸ்.பி.எம்.எல். வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. தாத்தா கெட்டித்து வைத்த மருந்து வருடக்கணக்கில் குழலுக்குள் அப்படியே கிடக்கலாம். ஈரம் படாத கருமருந்து பல பத்தாண்டு ஆனாலும் பற்றும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கேப் இல்லை என்று உறுதியான பிறகு, ஆள் இல்லாத பக்கம் வாயைத் திருப்பி வைத்து, பக்கவாட்டில் நின்று கெட்டிக்கிற கம்பியை மெல்ல உள்ளே விட்டு, வாயோடு சேர்கிற இடத்தில் விரலால் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துக் குழலின் மேலேயே நீட்டி வைத்துப் பாருங்கள். கம்பியின் முனை கேப் மாட்டுகிற இடம் வரை வந்தால் குழல் காலி. மூன்று, நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அதற்கு மேல் கம்பியால் குத்தவோ தோண்டவோ வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடமோ ஸ்டேஷனிலோ சொல்லி, தெரிந்தவர் கையால் எடுக்கச் சொல்லுங்கள்.